உப்பனாற்று முகத்துவாரத்தில் தூண்டில் மீன்பிடிப்பு: மீனவர் ஒருவரின் துணையுடன் செல்பவருக்கு

கடலூர்த் துறைமுகத்தருகே கெடிலமும் உப்பனாறும் ஒன்றாகிக் கடலில் விழும் முகத்துவாரத்தில், புதிதாக வருபவரின் கண்ணுக்கு நீர் எங்கும் ஒன்றுபோலவே தெரியும். எங்கே சேறு, எங்கே சிப்பி படிந்த கல், எந்தக் கற்குவியலின் பின்னால் நீரோட்டம் சுழல்கிறது என்பதை அங்கே நாள்தோறும் படகு விடும் மீனவரே அறிவார். அவருக்கு நாம் கொடுக்கும் கூலியின் பெரும்பகுதி அந்த அறிவுக்கே உரியது என்று நான் கருதுகிறேன். எனவே முதல் நாள் மாலையே அவரைச் சந்தித்து, எத்தனை மணி நேரம், எரிபொருள் யார் செலவு, இரை யார் கொண்டுவருவது, கிடைக்கும் மீன் யாருக்கு, உயிர்காப்பு உடை படகில் உள்ளதா என்பனவற்றைப் பேசி முடித்துவிட வேண்டும். அதன்பின் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: “அண்ணே, நாளைக்குத் தண்ணி எத்தனை மணிக்கு வத்த ஆரம்பிக்கும்?”

அந்த விடையைப் பொறுத்தே மற்ற எல்லாம் அமையும். இக்கரையில் நாளொன்றுக்கு இருமுறை நீர் ஏறி இருமுறை வற்றுகிறது. ஒவ்வொரு நாளும் அந்த நேரம் ஏறத்தாழ 50 நிமிடம் பின்தள்ளிப் போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்ற இறக்கம் மிகுதி. நீர் வற்றும்போது உப்பங்கழிகளில் ஒதுங்கியிருந்த இறாலும் மடவை மீன் குஞ்சுகளும் முகத்துவாரத்தை நோக்கி இழுத்து வரப்படுவதால், அவற்றை எதிர்பார்த்துப் பெரிய மீன்கள் அங்கே காத்திருக்கும். விடியற்காலையும் வற்றும் நேரமும் ஒன்றாக அமைகின்ற நாளே சிறந்த நாள். கோடையில் நண்பகலை ஒட்டிக் கடற்காற்று வலுக்கத் தொடங்குவதால், இருள் விலகும் முன் புறப்பட்டுப் பத்து, பதினொரு மணிக்குள் கரை சேர்வது நல்லது.

ஏழடி நீளமுள்ள நடுத்தரத் தூண்டில் கோல், 4000 அளவு ரீல், 20 பவுண்டு தாங்கும் பின்னல் நரம்பு (தூண்டில் நூல்), அதன் முனையில் ஒரு பாகம் (இரு கைகளையும் விரித்த அளவு) நீளத்துக்கு 40 பவுண்டு நைலான் நரம்பு ஆகியவை போதும். அந்த முனை நரம்பைத் தவிர்க்கலாகாது. முகத்துவாரத்தில் நாம் முதன்மையாகத் தேடும் மீனான கொடுவாவின் செவுள் மூடியின் விளிம்பு கத்தியைப் போன்றது, மெல்லிய நரம்பை ஒரே உரசலில் அறுத்துவிடும்.

கொடுவாவுக்கு உயிர் இறாலோ விரல் நீள மடவைக் குஞ்சோ ஏற்ற இரை. இறாலின் தலைக்குள் தெரியும் கரும்புள்ளியைத் தொடாமல், அதன் கொம்பின் அடியில் தூண்டில் முள்ளை ஏற்ற வேண்டும். புள்ளியில் குத்தினால் இறால் உடனே செத்துவிடும். பாலத் தூணுக்கோ கற்சுவருக்கோ நேராக எறியக் கூடாது. கொடுவா நீரோட்டத்தின் வேகம் படாத மறைவில், ஓட்டத்தை எதிர்நோக்கித் தலைவைத்து நிற்கும். ஆகையால் மறைவுக்கு மேலே, ஓட்டம் வரும் திசையில் இரையை இட்டு, அது இயல்பாக அடித்துச் செல்லப்பட்டு மீனின் முன்னால் போகும்படி விட வேண்டும். முதன்முறை சென்றபோது நான் அவசரப்பட்டு எறிந்துகொண்டே இருந்தேன்; உடன்வந்த மீனவரோ கோலைத் தொடாமல் கால்மணி நேரம் நீரையே பார்த்திருந்துவிட்டு, குஞ்சுகள் சிதறித் துள்ளிய ஓரிடத்தைக் கையால் காட்டினார். அன்று கிடைத்த ஒரே கொடுவா அங்கேதான் கிடைத்தது. மீன் கடித்ததும் கோலைச் சட்டென வெட்டி இழுப்பது சாதாரண முள்ளுக்குப் பொருந்தும். வளைந்த வட்ட முள்ளாயின், நரம்பு இறுகும்வரை பொறுத்து, மெல்லச் சுற்றினாலே முள் வாயோரத்தில் ஏறிவிடும். மீன் நீருக்கு வெளியே துள்ளித் தலையை உதறும்போது கோலின் நுனியைத் தாழ்த்த வேண்டும்.

கிழங்கான் மீனுக்குப் படகே தேவையில்லை. தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரையைப் போன்ற மணற்கரையில், அலை உடையும் இடத்துக்கும் கரைக்கும் இடையேயுள்ள பள்ளத்தில், சிறு முள்ளில் இறால் துண்டைக் கோத்து மெல்ல இழுத்தால் போதும். பாறை மீனுக்கு விடியலில் மின்னும் உலோகத் தகட்டை எறிந்து வேகமாகச் சுற்ற வேண்டும். கரையைக் காக்கக் கடலுக்குள் நீட்டிக் கட்டும் கற்சுவர்களுக்கு அரசு வழங்கிய பெயரே தூண்டில் வளைவு; அவற்றின் நுனியில் பாறை மீன் நன்றாகக் கிடைக்கும். ஆனால் பாசி படிந்த அக்கற்கள் மிகவும் வழுக்கும்.

தூண்டிலில் நாம் விரும்பாதவையும் ஏறும். கெளுத்தியின் முதுகிலும் இரு பக்கத் துடுப்புகளிலும் நச்சு முட்கள் உண்டு; அதை வெறும் கையால் பிடிக்காமல் இடுக்கியால் பிடிக்க வேண்டும். குத்திவிட்டால் காயத்தைத் தாங்கக்கூடிய சூட்டிலுள்ள வெந்நீரில் அமிழ்த்தி வைத்தால் வலி தணியும். பின் மருத்துவரிடம் காட்டுவது அவசியம். உடலை உப்பவைக்கும் பேத்தை மீனை எவ்வகையிலும் சமைக்கக் கூடாது. அதன் நஞ்சு வேகவைத்தாலும் அழியாது.

நீர் வற்றி வெளியேறும் வேளையில் எதிரே கடற்காற்று வீசினால், முகத்துவாரத்தில் அலைகள் செங்குத்தாக எழும். சிறுபடகு கவிழ்வது பெரும்பாலும் அங்கேதான். வழிகாட்டி “இப்ப வெளியே போக வேண்டாம்” என்றால், கொடுத்த பணத்தை எண்ணி அவரை வற்புறுத்துவது பெரும் தவறு. துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டிருக்கும் நாளில் கரையிலிருந்தும் தூண்டில் போட வேண்டாம். கடலோரக் காவல்படையின் உதவி எண் 1554 கைப்பேசியில் இருக்கட்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடை விசைப்படகுகளுக்கானது. நீங்கள் செல்லும் படகுக்கு அது பொருந்துமா என்பதை முன்னரே கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். தக்கை மிதக்கும் இடத்தில் யாரோ ஒருவரின் வலை கிடக்கிறது. அதன் குறுக்கே நம் நரம்பு விழக் கூடாது, அது அவருடைய அன்றாடச் சோறு.

கொடுவா முதலில் ஆணாக முதிர்ந்து, வளர்ந்தபின் பெண்ணாக மாறும் இனம். ஆகவே மிகப் பெரிய மீன்கள் பெரும்பாலும் முட்டையிடும் பெண்களே. நடுத்தர அளவு மீன் ஒன்றைச் சமையலுக்கு வைத்துக்கொண்டு, பெரியதை விட்டுவிடும்படி வேண்டுகிறேன். விடும்போது நீருக்குள்ளேயே முள்ளைக் கழற்றி, ஈரக் கைகளால் வயிற்றுக்கு அடியில் தாங்கி, தலை நீரோட்டத்தை நோக்கி இருக்குமாறு பிடித்திருங்கள். அது தானாக வாலை அடித்து நழுவும்வரை கையை எடுக்க வேண்டாம்.