சன்னலுக்குக் கீழே கிடந்த நீல மாத்திரைகள்

ஒரு கிராமத்துப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புச் சன்னலுக்குக் கீழே, செம்பருத்திச் செடியடியில் நீல மாத்திரைகள் சிதறிக் கிடந்ததைப் பார்த்தேன். முந்தின நாள் மழையில் கரைந்து மண்ணெல்லாம் நீலம். வளரிளம் பருவத்தினருக்கு வாரம் ஒரு முறை கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரைகள் அவை. டீச்சர் திரும்பியதும் பிள்ளைகள் துப்பியிருக்கிறார்கள்.

அவர்களைத் திட்ட மனம் வரவில்லை. காலையில் ஒன்றும் சாப்பிடாமல் பஸ் ஏறி வந்த பிள்ளைக்கு முதல் பீரியடிலேயே மாத்திரை கொடுத்தால் குமட்டத்தான் செய்யும். மதியச் சாப்பாடு முடிந்ததும் கொடுத்து, தண்ணீர் குடிக்க வைத்தால் பலருக்குத் தொல்லையே இருக்காது.

வீட்டில் நடக்கும் தவறு டீ. மாத்திரை போட்ட கையோடு டீயோ காப்பியோ பாலோ குடித்தால் இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது. ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். பதிலுக்கு ஒரு கொய்யாவோ நெல்லிக்காயோ தின்னக் கொடுங்கள், அது சத்து சேர உதவும். மலம் கறுப்பாகப் போகிறது என்று பயந்து நிறுத்திவிடும் அம்மாக்களும் உண்டு. இந்த மாத்திரைக்கு அது வழக்கம்தான்.

எனக்கு மிகவும் கவலை தருவது வேறொன்று. வார மாத்திரை இரத்தசோகை வராமல் தடுக்கத்தான். வந்துவிட்டால் அது போதாது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு இரத்தசோகை இருந்தது. மகளுக்கு மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறதா, பச்சரிசியை அள்ளி அள்ளித் தின்கிறாளா, மாதவிலக்கு ஒரு வாரத்தைத் தாண்டுகிறதா? ‘வயசுக்கு வந்த பிள்ளை, அப்படித்தான் இருக்கும்’ என்று விட்டுவிடாமல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். 12 கிராமுக்குக் கீழே இருந்தால் மருத்துவர் தினசரி மாத்திரை எழுதித் தருவார். ஆறு மாதத்துக்கு ஒரு முறை தரும் பூச்சி மாத்திரையையும் தவறவிட வேண்டாம்.

தமிழக அரசின் புதுயுகம் திட்டத்தில் வளரிளம் பெண்களுக்கு இலவசமாக வரும் நாப்கினை நல்ல நாளுக்கென்று பீரோவில் பூட்டி வைக்கிறார்கள், அல்லது ஒன்றையே காலை முதல் இரவு வரை வைத்திருக்கச் சொல்கிறார்கள். நான்கிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் மாற்றியாக வேண்டும். படிப்பை நிறுத்திய பெண்ணுக்கு இது கிடையாது என்று நினைப்பதும் தவறு. 10 முதல் 19 வயது வரை உண்டு. பள்ளிக்குப் போகாதவள் கிராம சுகாதார செவிலியரிடமோ அங்கன்வாடியிலோ கேட்க வேண்டும். ஊரில் மில் வேலைக்குப் போகும் பிள்ளைகள்தான் இப்படி அதிகம் விடுபட்டுப் போகிறார்கள்.

பள்ளி மாற்றுவதற்கு முன் ஒரு வார்த்தை. 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டம், அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்துவிட்டுக் கல்லூரி, பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் தருகிறது. பின்னர் அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழி படித்தவர்களையும் சேர்த்தார்கள். பத்தாவதில் நல்ல மார்க் வாங்கினாள் என்று பிளஸ் ஒன்னுக்குத் தனியார் பள்ளியில் சேர்த்துவிட்டு, பிறகு கல்லூரியில் போய்க் கேட்டால் கிடைக்காது. பணம் அவள் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்குத்தான் வரும். பிளஸ் டூ படிக்கும்போதே கணக்கு தொடங்கி, ஆதாரை இணைத்து, பாஸ்புக்கை அவள் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.