‘நம்ம ஆளுங்களுக்கு நல்லது’ என்று சொன்னால் அதை எப்படிப் பிரித்துப் பார்ப்பது

மூணாறு பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டில் வளர்ந்த யாருக்கும் இந்தச் சண்டை புதிதில்லை. ஒருத்தர் நியாயம் பேசுவார், இன்னொருத்தர் "முதல்ல நம்ம ஆளுங்களுக்கு என்ன கிடைக்கும், அதைப் பாரு" என்பார், கடைசியில் இரண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு லயத்துக்கு, அதாவது எஸ்டேட் கொடுத்த வரிசை வீட்டுக்குப் போவார்கள். இதை நிதானமாகப் பேசிப் பழக ஒரு வழி இருக்கிறது: அமெரிக்கக் கறுப்பின மக்களின் அரசியலிலிருந்து ஒரு முடிவை எடுத்துக்கொண்டு அதைப் பிரித்து மேயுங்கள். அவர்கள் இதே கேள்வியைத் தங்களுக்குள் நூறு வருஷத்துக்கு மேலாக வெளிப்படையாகவே வாதாடியிருக்கிறார்கள். நம் கதையில் தொடங்கினால் சித்தப்பா எந்த யூனியன் என்பதிலேயே பேச்சு முடிந்துவிடும்.

எட்டுப் பத்துப் பேர் போதும். கொழுந்து எடை போட்டு, வீட்டுக்கு வந்து, சமைத்து முடிக்க ஏழரை ஆகும், அதனால் எட்டு மணிக்கு வையுங்கள். பெண்கள் வர முடியாத நேரத்தில் வைத்தால் அந்தப் பேச்சுக்குப் பாதி உயிர்கூட இருக்காது. பழைய காலண்டர் தாள் ஒன்றைத் திருப்பிப் போட்டு, ஸ்கெட்ச் பேனாவால் பெரிதாக எழுதுங்கள்: ‘நாம்’ என்றால் யார் யார்? யாருக்குக் கிடைக்கிறது, யார் கையிலிருந்து போகிறது? இழக்கிறவர்கள் முடிவெடுத்த அறைக்குள் இருந்தார்களா?

முதல் கதையாக ஃபேனி லூ ஹேமர் என்ற கறுப்பினப் பெண்ணை எடுங்கள், நம் ஆட்களுக்கு உடனே பிடிபடும். அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் ஒரு பருத்தித் தோட்டத்தில் வேலை செய்தவர், நம் செக்ரோல் (வருகைப் பதிவு) மாதிரி ஆள் நேரம் குறிக்கிற வேலையும் பார்த்தவர். 1962ல் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கப் போனதற்காக வேலையும் போய், தங்கியிருந்த தோட்டத்து வீட்டையும் விட்டு வெளியேற வேண்டி வந்தது. வேலை போனால் லயமும் போகும் என்று தெரிந்தவர்களிடம் இதை விளக்கவே வேண்டாம், சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருங்கள்.

1964 ஆகஸ்டில், ஜனாதிபதி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் ஜனநாயகக் கட்சி மாநாடு அட்லாண்டிக் சிட்டியில் நடந்தது. மிசிசிப்பியிலிருந்து வெள்ளையர் மட்டுமே கொண்ட குழு வந்திருந்தது, ஏனென்றால் கறுப்பினத்தவரை ஓட்டுப் போடவே விடவில்லை. ஹேமரும் கூட்டாளிகளும் தனிக் குழுவாக வந்து, அந்த இடம் எங்களுக்கு உரியது என்று கேட்டார்கள். கட்சி இரண்டே இரண்டு இடம் தருகிறோம் என்றது, அந்த இரண்டு பேர் யார் என்பதையும் கட்சியே சொல்லிவிட்டது. பேயார்ட் ரஸ்டின் போன்ற பெரிய கறுப்பினத் தலைவர்கள், வாங்கிக்கொள்ளுங்கள், ஜனாதிபதி ஜான்சன் மறுபடி ஜெயித்தால்தான் நம் மக்களுக்கு மேலும் சட்டங்கள் வரும் என்றார்கள். அது சுயநலப் பேச்சு என்று ஒதுக்கிவிடாதீர்கள், அந்தக் கணக்கிலும் நியாயம் இருந்தது. ஆனால் தாளைப் பாருங்கள். அடி வாங்கி, வேலையும் வீடும் இழந்து வந்தவர்கள் ஒரு பக்கம், விட்டுக்கொடுக்கச் சொன்னவர்கள் இன்னொரு பக்கம். வந்தவர்கள் தங்களுக்குள் ஓட்டெடுத்து வேண்டாம் என்றார்கள்.

அடுத்த வாரம் மார்ட்டின் லூதர் கிங். (1959ல் அவர் திருவனந்தபுரம் வந்தபோது ஒரு பள்ளித் தலைமையாசிரியர் அவரை அமெரிக்காவிலிருந்து வந்த தீண்டத்தகாதவர் என்று அறிமுகம் செய்ததையும், முதலில் அதிர்ந்துபோய்ப் பிறகு ஆமாம், அப்படித்தான் என்று உணர்ந்ததையும் அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார், அதையும் சொல்லுங்கள்.) 1967 ஏப்ரல் 4 அன்று நியூயார்க்கில் வியட்நாம் போரை எதிர்த்துப் பேசினார். கறுப்பின மக்களின் பழைய பெரிய சங்கமே, குடியுரிமைப் போராட்டத்தையும் போர் எதிர்ப்பையும் ஒன்றாகக் கலப்பது தவறு என்றது. 1964ல் குடியுரிமைச் சட்டத்திலும் 1965ல் வாக்குரிமைச் சட்டத்திலும் கையெழுத்திட்ட ஜனாதிபதி ஜான்சனைப் பகைத்தால் யாருக்கு நஷ்டம் என்பது அவர்கள் பயம். கிங் வேறு கணக்குப் போட்டார்: ஏழைகளுக்கான பணம் போருக்குப் போகிறது, சாகிறவர்களில் நம் பையன்கள் ஜனத்தொகைக் கணக்குக்கு மேல் அதிகம், அந்தப் பக்கம் சாகிறவர்களும் மனிதர்கள். இங்கே தாளில் நாலாவது கேள்வியைச் சேர்த்துவிடுங்கள்: இதையே வேறு ஜனங்கள் கேட்டால் நியாயம் என்போமா?

ஆட்கள் பழகிவிட்டால் தொகுதி எல்லை விவகாரத்தையும் எடுக்கலாம். அமெரிக்காவில் 1990 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பிறகு கறுப்பினத்தவர் பெரும்பான்மையாக வரும்படி பல தொகுதிகள் வரையப்பட, 1992ல் நாடாளுமன்றத்தில் அவர்களின் உறுப்பினர் எண்ணிக்கை நன்றாகக் கூடியது, ஆனால் பக்கத்துத் தொகுதிகளில் அவர்கள் ஓட்டு குறைந்து, அவர்களில் பெரும்பாலோர் ஓட்டுப் போடாத குடியரசுக் கட்சிக்கு வசதியானது. இதற்கு ஒரே ராத்திரியில் விடை வராது, வராவிட்டாலும் பரவாயில்லை.

அப்புறம்தான் நம் கதை. 2015 செப்டம்பரில் மூணாறில் பெம்பிளை ஒருமை (பெண்கள் ஒற்றுமை) என்று தோட்டத்துப் பெண்கள் ரோட்டில் உட்கார்ந்தபோது கோபம் கம்பெனி மேல் மட்டும் இல்லை, தங்கள் பேரில் பேசிய யூனியன்கள் மேலும் இருந்தது. 20 சதவீத போனஸ் கிடைத்தது, 232 ரூபாய் நாள் கூலி 301 ஆனது. ‘நாம்’ என்று பேசியவர்களில் கொழுந்து கிள்ளுகிறவர்கள் எத்தனை பேர் என்று அந்தப் பெண்கள் கேட்டதும், தாளில் உள்ள மூன்றாவது கேள்வியும் ஒன்றுதான். அங்கே உட்கார்ந்த அக்கா யாராவது உங்கள் கூட்டத்தில் இருந்தால் நீங்கள் வாயைத் திறக்காதீர்கள், அவர் பேசட்டும்.

கடைசியாகச் சாதிச் சான்றிதழ். 1950க்கு முன்பே குடும்பம் கேரளத்தில் இருந்ததற்கு ஆதாரம் காட்டு என்கிறார்கள், தலைமுறையாக இங்கே உழைத்த வீட்டுப் பிள்ளைகள் அதனால் சலுகை இல்லாமல் நிற்கிறார்கள். இதில் நம் கூட்டத்தில் எல்லாரும் ஒரே குரலில் இருப்பார்கள். எங்கள் லயத்தில் அப்படி இருந்தபோதுதான் நாலாவது கேள்வியைக் கேட்டேன்: இப்போது ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்து பக்கத்து லைனில் இருக்கிறார்களே, அவர்கள் பிள்ளைகளுக்கு நாளைக்கு இதே கதவு சாத்தப்பட்டால்? யாரும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, முப்பது வருஷம் கொழுந்து கிள்ளிய ஒரு பெரியம்மா, "அதுங்களுக்கு நம்ம பாஷை தெரியாதே, யாரு போய்ச் சொல்றது" என்றார். ஹிந்தி தெரிந்த பையன் ஒருத்தன் இருக்கிறான். அடுத்த கூட்டத்துக்கு அவனையும் அவர்களையும் அழைத்திருக்கிறோம்.