லோகாஸ்ட் காரின் பின் ஆக்சிலை மாற்றுவது

இங்கிலாந்தில் வீட்டுக் கராஜில் கட்டும் லோகாஸ்ட் வகைக் கார்களுக்கெல்லாம் மூலவர், 1957-இல் காலின் சாப்மன் கொண்டுவந்த லோட்டஸ் செவன். என்னுடையதில் இருப்பது, பலருடையதைப் போலவே, பழைய ஃபோர்டு எஸ்கார்ட்டின் பின் ஆக்சில். எஸ்கார்ட்டில் அது லீஃப் ஸ்பிரிங்கின் மேல் உட்காரும்; அம்பாசடருக்கு அடியில் தலைவிட்டவர்களுக்குத் தெரிந்த ஏற்பாடுதான். லோகாஸ்டில் லீஃப் கிடையாது. முன்னும் பின்னும் போகாமல் பிடிக்க நான்கு ஆர்ம், பக்கவாட்டில் நகராமல் பிடிக்க ஒரு பான்ஹார்டு ராடு, எடையைத் தாங்க இரண்டு காயில் ஸ்பிரிங்.

பழைய ஆக்சில் வாங்கும்போது பினியனை, அதாவது எஞ்சின் பக்கமிருந்து சுழற்சி வந்து சேரும் சிறு பல்சக்கரத்தின் தண்டை, கையால் சுற்றிப் பாருங்கள். எங்காவது கரகரத்தால் அங்கேயே வைத்துவிடலாம். வீல் பேரிங் எப்படியும் புதிது போட வேண்டும். ஆனால் அந்த வேலை பிரஸ் உள்ள கடைக்குத்தான். சக்கரத்தைச் சுழற்றும் தண்டான ஹாஃப் ஷாஃப்டைப் பிடித்து வைப்பதே பேரிங்குக்கு அடுத்து இறுகியிருக்கும் வளையம். அது நழுவினால் சக்கரம் ஷாஃப்டோடு வெளியே வந்துவிடும். ஆர்முக்கான பிராக்கெட் வெல்டிங்கையும் தேர்ந்தவரிடமே கொடுங்கள். ஒரே மூச்சில் பற்றவைத்தால் குழாய் சூட்டில் வளையும், பிறகு பின்சக்கரங்கள் ஆளுக்கொரு திசை பார்க்கும்.

கழற்றுவதில் பெரிய வித்தையில்லை. முன்சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஸ்டாண்டைச் சேஸிஸின் கீழ் வையுங்கள். புரொப்பெல்லர் ஷாஃப்ட் (கியர்பாக்ஸையும் ஆக்சிலையும் இணைக்கும் தண்டு), பிரேக் ஹோஸ், ஹேண்ட்பிரேக் கேபிள், டேம்பர் (ஷாக் அப்சார்பர்), ஆர்ம் என்று வரிசையாக விடுவித்தால் போதும். இறக்கும்போது மட்டும் இன்னொரு ஆள் வேண்டும்.

புதியதை ஏற்றும்போது எல்லாப் போல்ட்டையும் நுழைத்து, நட்டைக் கையால் மட்டும் திருகுங்கள். பலரும் காரைத் தூக்கி வைத்தபடியே, சக்கரம் தொங்கும்போதே முறுக்கிவிடுகிறார்கள். இறக்கியதும் ஆர்ம் முனைகளின் புஷ்ஷில் உள்ள ரப்பர் முறுக்கிக்கொண்டு அதுவே ஒரு ஸ்பிரிங்காகிவிடும். கார் சரியான உயரத்தில் நிற்காது, ரப்பரும் சீக்கிரம் கிழியும். அதனால் சக்கரம் மாட்டித் தரையில் இறக்கி, ஓட்டுபவர் எடையைச் சீட்டில் வைத்து, முன்னும் பின்னும் உருட்டி அமரவிட்ட பிறகே அளவு எடுக்க வேண்டும். நான் 25 கிலோ மணல் மூட்டை மூன்று வைப்பேன்.

முதலில் காயில் ஸ்பிரிங் தட்டைத் திருகி உயரத்தைச் சரிசெய்யுங்கள். அந்த உயரத்தில் பான்ஹார்டு ராடு ரசமட்டம் வைத்தால் கிடையாக இருக்க வேண்டும். அதன் ஒரு முனை சேஸிஸில், மறுமுனை ஆக்சிலில். சாய்ந்திருந்தால் ஒவ்வொரு மேட்டிலும் ஆக்சில் பக்கவாட்டில் தள்ளும். ராடின் நீளத்தை மாற்றி இரு சக்கரமும் சேஸிஸிலிருந்து சம தூரத்தில் வரச் செய்யுங்கள்.

அடுத்தது சதுரம். பாடியிலிருந்து அளக்காதீர்கள், ஃபைபர் நம்பத் தகுந்ததல்ல. சேஸிஸில் இருபுறமும் ஒத்த இரு துளைகளிலிருந்தும் ஆக்சிலின் இரு முனைகளிலிருந்தும் கொத்தனாரின் தூக்குக்குண்டை இறக்கித் தரையில் சாக்பீஸால் குறியுங்கள். இரு மூலைவிட்டமும் ஒன்றாகும்வரை கீழ் ஆர்ம்களின் நீளத்தை மாற்றுங்கள்.

மேல் ஆர்ம்கள் பினியனின் கோணத்துக்கு. கியர்பாக்ஸ் ஷாஃப்டும் பினியனும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். ஒரே நேர்கோட்டில் இருக்கத் தேவையில்லை. புரொப்பெல்லர் ஷாஃப்டின் இரு முனைக் கவைகளும் ஒரே தளத்தில் இல்லையென்றால், கோணம் எவ்வளவு சரியாக இருந்தாலும் வேகத்தில் அதிரும். சக்கரம் முழுக்க ஏறினாலும் இறங்கினாலும் ஷாஃப்ட் உள்ளே முட்டவோ வெளியே கழலவோ கூடாது என்பதையும் பாருங்கள்.

இவ்வளவும் ஒத்துவந்த பிறகு, எடையை இறக்காமலே புது லாக் நட்டுகளை டார்க் ரெஞ்சால் முறுக்குங்கள். இபி 90 கியர் ஆயிலை நிரப்புத் துளையின் விளிம்பில் ததும்பும்வரை ஊற்றுங்கள். ஆக்சிலின் காற்றுத் துளையான பிரீதர் அடைபட்டிருந்தால் ஆயில் சீல் வழியாகக் கசிந்து பிரேக் ஷூவில் இறங்கும். பிரேக்கில் காற்றெடுத்து, ஹோஸ் எங்கும் உரசவில்லை என்று பார்த்துவிட்டு மெதுவாக ஓட்டுங்கள். முடுக்கும்போது மட்டும், அல்லது காலை எடுக்கும்போது மட்டும் ஊளையிட்டால் கோளாறு ஆக்சிலுக்குள் இருக்கும் பெரிய பல்சக்கரமான கிரவுன் வீலும் பினியனும் பல் சேரும் இடத்தில். ஆர்மைத் திருகி அதைச் சரிசெய்ய முடியாது.