மாருதி 800-ல் ஆயில் ஒழுகுகிறதா? எந்த சீல் என்று கண்டுபிடித்து நீங்களே மாற்றலாம்

எங்கள் வீட்டு 800, 1997 மாடல், கார்புரேட்டர் வண்டி. ஒரு வருஷமாக அது நிற்கும் இடத்தில் அப்பளம் அளவுக்கு ஒரு கறுப்புக் கறை. அம்மா கோலம் போடும் இடத்தையே இரண்டு அடி தள்ளி வைத்துக்கொண்டார். ஒரு மெக்கானிக்கிடம் காட்டினேன், குனிந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, “கிராங்க் பின் சீல் போயிடுச்சு சார், கியர்பாக்ஸ் இறக்கணும்” என்றார். கிராங்க் ஷாஃப்டின் பின்முனையில், கியர்பாக்ஸ் பக்கம், எண்ணெய் வெளியே வராமல் தடுக்கும் ரப்பர் வளையம்தான் பின் சீல். செலவைக் கேட்டுவிட்டு வண்டியை வீட்டுக்கே ஓட்டிக்கொண்டு வந்துவிட்டேன். கடைசியில் பார்த்தால் பின் சீலுக்கு ஒன்றுமே இல்லை. ஒழுகியது வேறு இரண்டு இடத்தில். இரண்டையும் நானே இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் சரிசெய்தேன். இரண்டாவது ஞாயிறு முழுக்க, முதல் ஞாயிறு செய்த தப்பைத் திருத்தத்தான் போனது.

ஆயில் மாற்றத் தெரியும், ஸ்பானர் பிடிக்கத் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். ஒன்று மட்டும்: ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள், ஸ்டாண்ட் போடுங்கள்.

1. முதலில் கழுவுங்கள், அப்புறம் பவுடர் போடுங்கள்

இருபத்தைந்து வருஷ எஞ்சினில் எல்லா இடமும் எண்ணெயும் புழுதியும் சேர்ந்து களிம்பு மாதிரி அப்பியிருக்கும். அதைப் பார்த்து எங்கே ஒழுகுகிறது என்று யாராலும் சொல்ல முடியாது. பழைய பெயின்ட் பிரஷ், கொஞ்சம் மண்ணெண்ணெய் அல்லது டீசல், நிறைய பனியன் வேஸ்ட். எஞ்சின் ஆறியிருக்கும்போது தேய்த்துத் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் மேல் பாலிதீன் கவர் கட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் வேறு வேலை வந்து சேரும்.

காய்ந்ததும் சந்தேகப்படும் இடங்களிலெல்லாம் முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவுங்கள். எஞ்சினைப் பத்து நிமிடம் ஐடிலில் விட்டு, பிறகு ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளைப் பவுடரில் ஈரக்கோடு தெளிவாகத் தெரியும். இதற்கென்று சாயம், நீல விளக்கு எல்லாம் விற்கிறார்கள். எனக்குப் பத்து ரூபாய் பவுடரே போதுமாக இருந்தது.

2. மேலிருந்து கீழே பாருங்கள்

எண்ணெய் கீழே இறங்கும், வண்டி ஓடும்போது காற்றில் பின்பக்கமும் போகும். அதனால் சொட்டும் இடம் வேறு, ஒழுகும் இடம் வேறு. நனைந்த இடங்களில் எது எல்லாவற்றுக்கும் மேலே இருக்கிறதோ, அதிலிருந்து ஆரம்பியுங்கள். நான் பார்த்த வரிசை: டாப்பெட் கவர் (எஞ்சினின் மேல்மூடி) பேக்கிங், டிஸ்ட்ரிபியூட்டர் உட்காரும் இடம், ஆயில் பிரஷர் ஸ்விட்ச், ஆயில் ஃபில்டர், டைமிங் பெல்ட்டை மூடியிருக்கும் டைமிங் கவருக்குள் கேம் ஷாஃப்டின் சீல், கிராங்க் முன் சீல், கடைசியாக சம்ப் (அடியில் ஆயில் தேங்கும் தொட்டி).

என் வண்டியில் டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து ஒரு கோடு இறங்கி, நேராக கியர்பாக்ஸ் சேரும் இடத்தில் போய்ச் சொட்டியது. கீழிருந்து பார்த்தால் அசல் பின் சீல் லீக் மாதிரியே இருக்கும். அந்த மெக்கானிக் மேல் பெரிய தப்பில்லை, மேலே பார்க்கவில்லை, அவ்வளவுதான். பின் சீல்தான் போயிருந்தால் பல நேரம் கிளட்ச் பிளேட்டிலும் எண்ணெய் பட்டு கிளட்ச் வழுக்கும். கியர்பாக்ஸ் பக்கம் சொட்டுவதைக் கையில் தொட்டு முகர்ந்தும் பாருங்கள்: கியர் ஆயிலுக்கு அழுகின முட்டை போல ஒரு கந்தக வாடை உண்டு, எஞ்சின் ஆயிலுக்குக் கிடையாது.

டிஸ்ட்ரிபியூட்டர் வேலை சின்னது. கழற்றும் முன் பாடியிலும் ரோட்டார் பார்க்கும் திசையிலும் அடையாளம் போடுங்கள். இழுக்கும்போது ரோட்டார் கொஞ்சம் திரும்பும், பதறாதீர்கள், எவ்வளவு திரும்பியது என்று குறித்துக்கொண்டால் போதும். பேக்கிங் மாற்றி, குறியில் வைத்து இறுக்குங்கள்.

3. கிராங்க் முன் சீல்: கழற்றுவது

என் வண்டியில் ஒழுகிய இரண்டாவது இடம் இதுதான். பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். ஃபேன் பெல்ட் இருக்கும் பக்கத்து முன் சக்கரத்தை எடுத்துவிட்டால் கை நன்றாகப் போகும். ஃபேன் பெல்ட், வாட்டர் பம்ப் புல்லி, கிராங்க் புல்லி, டைமிங் கவர் என்று வரிசையாக வரும். கிராங்கின் நடு போல்ட்டை டைமிங் பெல்ட் மாட்டியிருக்கும்போதே தளர்த்துங்கள். நாலாவது கியரில் போட்டு, உள்ளே ஒருவர் பிரேக்கை அழுத்திப் பிடிக்க வேண்டும். எனக்கு மச்சான் உட்கார்ந்தான், ஒரு கையில் போனோடு.

டைமிங் பெல்ட்டை எடுக்கும் முன் டைமிங் மார்க்குகளை நேராக்குங்கள். கம்பெனி மார்க் அழுக்கில் தெரியவில்லை என்றால் நெயில் பாலிஷால் கேம் பல்சக்கரம், கிராங்க் பல்சக்கரம், அவற்றுக்கு எதிரே உள்ள பாடி எல்லாவற்றிலும் ஒரு கோடு போட்டுவிடுங்கள். போட்டோவும் எடுங்கள். கிராங்கில் இருக்கும் அரைநிலா வடிவச் சாவியைப் பத்திரமாக எடுத்து சட்டைப் பையில் அல்ல, டப்பாவில் வையுங்கள்.

பழைய சீலை எடுக்கத் திருப்புளியால் நெம்பாதீர்கள். ஷாஃப்டில் ஒரு கீறல் விழுந்தால் எந்தப் புது சீலும் நிற்காது. கொக்கி மாதிரி சீல் புல்லர் என்று கடையில் கிடைக்கும், வாங்குங்கள். பழைய சீலைத் தூக்கி எறியாமல் கையோடு கொண்டுபோங்கள். பெரும்பாலும் அதன் முகத்திலேயே உள்விட்டம், வெளிவிட்டம், அகலம் மூன்றும் போட்டிருக்கும். நான் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் வாங்கினேன். கம்பெனி பாகமாகவே கேளுங்கள். இதில் இருபது ரூபாய் மிச்சம் பிடித்து மறுபடி பெல்ட்டைக் கழற்றுவது புத்திசாலித்தனம் இல்லை. டைமிங் கவரைத் திறந்த கையோடு கேம் சீலையும் மாற்றிவிடுங்கள். பெல்ட்டில் எண்ணெய் பட்டிருந்தால் பெல்ட்டும் புதுசு.

4. புது சீல் போடுவது, நான் கவிழ்ந்த இடம்

முதல் ஞாயிறு சீலை ஷாஃப்டில் வைத்து, பெரிய சாக்கெட்டைக் கொடுத்துச் சுத்தியலால் நாலு தட்டு தட்டினேன். உட்கார்ந்தது. எல்லாம் பூட்டி ஸ்டார்ட் செய்தால், முன்பைவிட வேகமாகச் சொட்டுகிறது.

அடுத்த வாரம் மறுபடி கழற்றி சீலை வெளியே எடுத்துப் பார்த்தேன். சீலின் உதட்டுக்குப் பின்னால் ஒரு மெல்லிய வளையச் சுருள் இருக்கும், உதட்டை ஷாஃப்டோடு அணைத்துப் பிடிப்பதே அதுதான். அதைக் காணோம். டார்ச் அடித்தால் உள்ளே ஷாஃப்டைச் சுற்றி வளையல் மாதிரி தொங்குகிறது. வளைத்த கம்பியால் அரை மணி நேரம் தூண்டில் போட்டு எடுத்தேன். உதட்டில் ஒரு இடம் பிளேடால் வெட்டியதுபோல் கிழிந்திருந்தது. அப்போதுதான் புரிந்தது: சாவி உட்காரும் பள்ளத்தின் ஓரம் கூர்மை, உலர்ந்த சீல் அதன் மேல் ஏறும்போது கிழிந்திருக்கிறது. நான் ஒரு பக்கமாகத் தட்டியதில் சுருளும் கழன்றுவிட்டது.

சரி, எப்படிப் போட வேண்டும்? சீல் உட்காரும் குழியை நன்றாகத் துடையுங்கள். ஷாஃப்டில் துரு இருந்தால் மிக நைசான எமரி பேப்பரால் சுற்றுவாக்கில் மட்டும் தேயுங்கள், நீளவாக்கில் வேண்டாம். உதட்டில் எஞ்சின் ஆயில் தடவுங்கள். சுருள் தெரியும் பக்கம் எஞ்சினுக்குள் பார்க்க வேண்டும். அப்புறம் ஆவின் பால் கவரைக் கழுவித் துடைத்து, ஒரு துண்டு வெட்டி ஷாஃப்ட் நுனியிலும் அந்தப் பள்ளத்தின் மேலும் சுற்றி, அதன் மேலும் எண்ணெய் தடவி, சீலை அதன் மேல் வழுக்கிக்கொண்டு போய் உள்ளே சேர்த்ததும் கவரை உருவிவிடுங்கள். உதடு எங்கும் மடங்கவில்லை என்று விரலால் சுற்றித் தடவிப் பாருங்கள்.

தட்டுவதற்கு சாக்கெட் வேண்டாம். சீலின் வெளி வட்டத்துக்குச் சரியாக இருக்கும் பிவிசி பைப் துண்டு ஒன்றை நேராக அறுத்து வைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு, ஆறு, மூன்று, ஒன்பது மணி என்று மாற்றி மாற்றி மெதுவாக. வெளி முகத்தோடு சமமாக வந்ததும் நிறுத்துங்கள், ஆழமாக அடித்துத் தள்ள வேண்டாம். பழைய சீல் உரசி ஷாஃப்டில் பள்ளம் விழுந்திருந்தால், புதியதை ஒரு மில்லிமீட்டர் முன்பின்னாக உட்காரவைத்தால் உதடு தேயாத இடத்தில் விழும். வெளி விளிம்பில் அனபாண்ட் பசை தடவச் சிலர் சொல்வார்கள், நான் தடவவில்லை. டாப்பெட் கவரின் மூலைகளுக்கும் சம்புக்கும் சரி, சீலுக்கு எதற்கு?

5. பூட்டுவது

கழற்றியதைத் தலைகீழாகச் செய்யுங்கள். பெல்ட் மாட்டி, பிளக்குகளைக் கழற்றிவிட்டு, கிராங்கை ஸ்பானரால் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். கோடுகள் மறுபடி நேராக வந்தால், பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனரை இறுக்குங்கள். எங்காவது கட்டையாக முட்டினால் பலத்தைக் காட்டாதீர்கள், டைமிங் தப்பியிருக்கலாம். நடு போல்ட்டுக்கு இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச்தான், கை அளவு வேண்டாம்.

சேர்த்தது: ஒரு நண்பர் இதைப் பார்த்து மாற்றியும் பத்து நாளில் மறுபடி ஒழுகுகிறது என்று எழுதினார். கேட்டுப் பார்த்ததில், டாப்பெட் கவரிலிருந்து ஏர் ஃபில்டருக்குப் போகும் ப்ரீதர் ஹோஸ் களிம்பு பிடித்து அடைத்திருக்கிறது. உள்ளே சேரும் காற்றுக்கு வழி இல்லாவிட்டால் அது இருப்பதிலேயே பலவீனமான சீல் வழியாக எண்ணெயைத் தள்ளும். என் வண்டியில் ஹோஸ் சுத்தமாக இருந்ததால் எழுத விட்டுப்போனது. சீல் வாங்கும் முன்பே அதைக் கழற்றி ஊதிப் பாருங்கள். ஹோஸ் சரியாக இருந்தும், ஐடிலில் ஆயில் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று அடித்தால் பிஸ்டன் ரிங் தேய்மானமாக இருக்கலாம், அது வேறு கதை.

இன்னொன்று: டைமிங் கவரைத் திறந்து வைத்துக்கொண்டு டீசல் ஊற்றிக் கழுவியதாக ஒருவர் சொன்னார். பெல்ட்டில் டீசல் படவே கூடாது, ரப்பர் ஊறிக் கெட்டுவிடும். கவர் மூடியிருக்கும்போது மட்டும் கழுவுங்கள், உள்பக்கத்துக்கு உலர்ந்த துணி போதும்.

பின் சீல் மாற்றுவதையும் எழுதச் சொல்லிக் கேட்கிறார்கள். நான் செய்ததில்லை, அதனால் எழுதவில்லை. கிளட்ச் மாற்ற எப்படியும் கியர்பாக்ஸ் இறங்கும், அந்த நாளில் கிராங்க் பின் சீலையும் கியர்பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட் சீலையும் வாங்கி மெக்கானிக் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நில்லுங்கள்.