தே தாரேக்கோடு தண்ணீரும் குடித்தால் எடை குறையுமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரங்களில், எடையைக் குறைக்க முடிவெடுத்தவர்கள் பலர் முதலில் வாங்குவது ஒரு பெரிய தண்ணீர்ப் போத்தல். போத்தல் தினமும் காலியாகிறது. எடை மட்டும் நகர்வதில்லை. தண்ணீர் கொழுப்பைக் கரைக்கும் என்று நம்பி, வழக்கமான தே தாரேக்குகளை (கட்டிப்பால் சேர்த்து ஆற்றிய தேநீர்) விடாமல் அதையும் சேர்த்துக் குடிப்பதே இங்கு நடக்கும் முதல் தவறு. தண்ணீரில் கலோரி இல்லை, அவ்வளவுதான். இனிப்புப் பானத்தின் இடத்தை அது பிடித்துக்கொண்டால்தான் உடலுக்குள் போகும் கலோரி குறையும்.

சாப்பாட்டுக் கடையில் தே கலக்குபவரின் கையைச் சற்றுக் கவனியுங்கள். டின்னிலிருந்து கட்டிப்பால் தடித்த நூலாக இறங்கி, குவளையின் அடியில் ஒரு விரற்கடை உயரத்துக்கு நின்ற பிறகுதான் சாயம் ஊற்றப்படுகிறது. அது சுமார் 40 கிராம் என்று வைத்துக்கொண்டால், அதில் ஏறத்தாழ 22 கிராம் சீனியும் 130 கலோரியும் இருக்கின்றன. பெரட்டுக்கு (காலையில் தோட்டத்தில் வேலைக்குப் பெயர் கூப்பிடும் இடம்) போகுமுன் ஒன்று, செம்பனைக் குலை வெட்டிவிட்டு வந்து ஒன்று, மாலை அரட்டையில் ஒன்று என மூன்றானால் 66 கிராம் சீனி. நாளுக்கு 2000 கலோரி உண்பவர் இத்தகைய சீனியை 50 கிராமுக்குள் நிறுத்த வேண்டும், முடிந்தால் 25 கிராமுக்குள் என்பது உலகச் சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்ன அளவு.

‘குராங் மானிஸ்’ (இனிப்பு குறைவாக) என்று சொல்லிவிட்டால் போதும் என்பது அடுத்த தவறு. எவ்வளவு குறைப்பது என்பது கலக்குபவரின் மனத்தில் இருக்கிறது. ‘தே ஓ கோசோங்’ (பாலும் சீனியும் இல்லாத தேநீர்) என்று கேட்டால் அந்தக் குழப்பமே இல்லை.

2019 ஜூலையில் மலேசியாவில் வந்த சீனிப் பான வரி, 100 மில்லிலிட்டருக்கு 5 கிராமுக்கு மேல் சீனியுள்ள, ஆலையில் அடைக்கப்பட்ட பானங்களைக் குறிவைத்தது. கடைத் தே அதில் சேராது. போத்தலில் ‘5 கிராம்’ என்று படித்து நிம்மதியடைபவர்கள், 500 மில்லிலிட்டர் குடித்தால் அது 25 கிராம் என்பதை மறந்துவிடுகிறார்கள். குலா மெலாக்கா என்ற பனைவகைக் கருப்பட்டியும் தேனும் பழச்சாறும் இந்தக் கணக்குக்குள் அடங்கியவையே. (திருவிழாத் தண்ணீர்ப் பந்தலில் தண்ணீரைவிடச் சிராப் பண்டோங் என்ற இனிப்பு ரோஜாப் பால் முன்னால் நிற்பதை என்னவென்பது?)

தண்ணீர் குடித்த புண்ணியத்துக்கு ஒரு ரொட்டி சானாய் கூடுதலாகச் சாப்பிட்டால், ஏறத்தாழ 300 கலோரி திரும்ப ஏறிவிடும். ஒரே மாதத்தில் பத்துக் கிலோ இறங்கும் என்று எதிர்பார்ப்பதும் வீண். பானத்தை மட்டும் மாற்றிப் பார்த்த ஆய்வுகளில் சராசரிக் குறைவு பெரும்பாலும் ஒன்றிரண்டு கிலோதான்.

சிறுநீரக அல்லது இதய நோயாளிகள் மருத்துவர் குறித்த அளவை மீறித் தண்ணீர் குடிக்கக் கூடாது. இன்சுலின் போட்டுக்கொள்ளும் இனிப்புநீர் நோயாளிகள், பானத்தை மாற்றுமுன் மருந்தளவைப் பற்றிக் கிளினிக்கில் கேட்டுக்கொள்ள வேண்டும். சீனி இறங்கி நடுக்கமும் வியர்வையும் கண்டால், அந்த நேரத்தில் வெறும் தண்ணீர் உதவாது. சுமார் 15 கிராம் சீனியைக் கரைத்து உடனே குடித்து, கால் மணி நேரத்தில் அளவை மீண்டும் பார்க்க வேண்டும்.