வாடகை வீட்டில் பூச்சித் தொல்லை: ஸ்பிரேயைக் கையில் எடுக்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வாடகை வீட்டில் பூச்சி வந்தால், சொந்த வீட்டுக்காரருக்கு இல்லாத ஒரு தலைவலி கூடவே வருகிறது. சுவர் நம்முடையதில்லை, குழாய் நம்முடையதில்லை, பக்கத்து வீட்டுச் சமையலறை எந்த நிலையில் இருக்கிறது என்று எட்டிப் பார்க்கவும் முடியாது. கடியும் அரிப்பும் மட்டும் முழுக்க நமக்கு. அதனால் பெரும்பாலானவர்கள் கைக்கு உடனே எட்டுகிற ஒன்றைச் செய்கிறார்கள்: ஒரு ஸ்பிரே டப்பா வாங்கி வந்து மூலை மூலையாக அடிக்கிறார்கள்.

சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. என்னென்ன செய்ய வேண்டும் என்பது எல்லாருக்கும் ஓரளவு தெரியும். வரிசைதான் தலைகீழாகிவிடுகிறது. எந்தப் பூச்சி என்று பார்த்து, படம் எடுத்து வைத்து, ஓனருக்குச் சொல்லி, அப்புறம் மருந்துக்குப் போக வேண்டும். நடப்பதோ முதலில் மருந்து, கடைசியில் ஓனரோடு சண்டை.

குடிவரும் முன்பு பார்க்காமல் விடுவது

வீடு பார்க்கப் போகும்போது வெளிச்சம், காற்று, தண்ணீர் எல்லாவற்றையும் விசாரிப்போம். சிங்க்குக்குக் கீழே குனிந்து பார்ப்பவர்கள் குறைவு. செல்போன் டார்ச்சைப் போட்டு சமையலறை அலமாரிக் கதவின் கீல்களைப் பாருங்கள். மிளகுத்தூள் சிந்தியதுபோல் கரும்புள்ளிகள் இருந்தால் அது கரப்பானின் கழிவு. அலமாரியின் உள்மூலையில் பழுப்பு நிறத்தில் சிறிய காலிக் கூடுகள் கிடந்தால் முட்டை பொரிந்து போயிருக்கிறது. கதவு நிலையை ஒட்டி மண்கோடு ஏறியிருந்தால் கரையான். சுவரோரமாகத் தரையை ஒட்டி எண்ணெய்ப் பிசுக்குபோல் கறை ஓடினால் எலி நடமாடும் பாதை. புதிதாகப் பெயிண்ட் அடித்த வீட்டில் இவை எல்லாம் மறைந்திருக்கும். ஆனால் கீலுக்குப் பின்னால் யாரும் பெயிண்ட் அடிப்பதில்லை.

இதைப் பார்க்கச் சரியான நேரம் முன்பணம் கொடுப்பதற்கு முன்பு. கொடுத்த பிறகு பேசினால் உங்கள் பேச்சின் எடை பாதியாகிவிடும். பொருள்கள் வந்து சேராத காலி வீட்டில் மருந்து வைப்பதும் விரிசல் அடைப்பதும் எளிது. சாமான் இறக்கும் முன்பே அதைச் செய்து தரும்படி கேளுங்கள். சாவி வாங்கிய அன்றே வீடு முழுவதையும் ஒரு வீடியோ எடுத்து ஓனருக்கும் அனுப்பிவிடுங்கள். காலி செய்யும்போது 'நீங்கள் வந்த பிறகுதான் வந்தது' என்ற பேச்சு எழுந்தால் அது கைகொடுக்கும்.

கரப்பானில் செய்கிற தவறுகள்

எல்லாக் கரப்பானையும் ஒன்றாக நினைப்பதுதான் முதல் தவறு. செம்பழுப்பு நிறத்தில் பெரிதாக இருப்பது பெரும்பாலும் சாக்கடை வழியாக வருகிறது. அதற்கு மருந்தைவிட நல்ல ஜல்லடை மூடி உதவும். பல நாள் புழங்காத குளியலறை இருந்தால் வடிகுழாயின் வளைவில் நிற்க வேண்டிய தண்ணீர் காய்ந்து, சாக்கடையிலிருந்து வீட்டுக்கு நேர்வழி திறந்துவிடும். வாரம் ஒரு முறை அதில் ஒரு குவளை தண்ணீர் ஊற்றினால் போதும்.

ஒன்றரை சென்டிமீட்டருக்கும் குறைவான நீளத்தில், வெளிர் பழுப்பு நிறத்தில், தலைக்குப் பின்னால் இரண்டு கருங்கோடுகளோடு ஓடுவதுதான் உண்மையான வில்லன். ஜெர்மன் கரப்பான் என்று பெயர். இது வெளியிலிருந்து வந்துபோகிற விருந்தாளி இல்லை, வீட்டுக்குள்ளேயே குடும்பம் நடத்துவது. ஃபிரிட்ஜ் மோட்டாரின் சூட்டில், அலமாரிக் கீலில், அட்டைப் பெட்டியின் மடிப்பில் ஒளிந்திருக்கும். பெண் கரப்பான் தன் வால் பக்கத்தில் ஒரு முட்டைக் கூட்டைச் சுமந்து திரியும். ஒரு கூட்டில் 30 முதல் 40 முட்டை வரை இருக்கும். பொரிவதற்குக் கிட்டத்தட்ட மூன்று, நான்கு வாரம் ஆகும். அதுவரை அந்தக் கூட்டுக்குள் பெரும்பாலான மருந்துகள் நுழைவதில்லை. இன்று அடித்துவிட்டு 'ஒன்றுகூட இல்லை' என்று நிம்மதியாக இருப்பவர், அடுத்த மாதம் குட்டிக் கரப்பான்களைப் பார்த்து மலைப்பது இதனால்தான்.

ஸ்பிரே கண்ணில் பட்டதைக் கொல்லும். மற்றவற்றை விரட்டும். அவை சுவர் விரிசல் வழியாக அடுத்த வீட்டுக்குப் போகும், அங்கே அடித்தால் திரும்பி வரும். அடுக்குமாடிகளில் இந்த விளையாட்டு வருடக்கணக்கில் நடக்கிறது.

இந்த வகைக்கு ஏற்றது ஜெல் மருந்து. அதையும் தவறாக வைப்பவர்கள் ஏராளம். ஒரே இடத்தில் பெரிய உருண்டையாகப் பிதுக்கி வைப்பதைவிட, குண்டூசித் தலையைவிடச் சற்றே பெரிய சொட்டுகளாக, கீலுக்கு அருகில், அலமாரியின் உள்மூலையில், ஃபிரிட்ஜுக்குப் பின்புறம், சிங்க் குழாய் சுவருக்குள் நுழையும் இடத்தில் என்று பல இடங்களில் வைக்க வேண்டும். கரப்பான் தின்றுவிட்டு ஒளிவிடத்துக்குத் திரும்பிப் போய்ச் சாகும். அதன் கழிவையும் உடலையும் தின்னும் மற்றவையும் சாகும். இந்தச் சங்கிலி ஓட ஒன்றிரண்டு வாரம் வேண்டும். நடுவில் பட்டப்பகலில் தள்ளாடுகிற கரப்பான்கள் தென்படும். பயந்துபோய் அதே இடத்தில் ஸ்பிரே அடித்தால் எல்லாம் வீண். ஸ்பிரே நெடி பட்ட ஜெல்லைக் கரப்பான் தொடாது. ஜெல் வைத்த இடத்தைச் சோப்புத் தண்ணீர் விட்டுத் துடைப்பதும் அதே கதைதான்.

பசை அட்டைகளைப் பலர் கரப்பானை ஒழிக்கும் கருவி என்று நினைத்து ஏமாறுகிறார்கள். என்னைக் கேட்டால் அது ஒரு துப்பறியும் கருவி. நான்கைந்து இடத்தில் தேதி எழுதி வையுங்கள். எந்த அட்டையில் அதிகம் ஒட்டுகிறதோ அதன் அருகில்தான் கூடு. அந்த அட்டையின் படம் ஓனரிடம் காட்டவும் ஆகும்.

தண்ணீரை மறந்துவிடுகிறார்கள், அது இன்னொன்று. சாப்பாடு இல்லாமல் ஒரு மாதம்வரைகூடத் தாக்குப்பிடிக்கும் கரப்பான், தண்ணீர் இல்லாமல் ஒன்றிரண்டு வாரத்தைத் தாண்டுவது கடினம். சிங்க்குக்குக் கீழே சொட்டிக்கொண்டே இருக்கும் குழாயை விட்டுவிட்டு எவ்வளவு துடைத்தாலும் பயன் குறைவு. குழாய் பழுது பெரும்பாலும் ஓனர் பொறுப்பு. எனவே 'கரப்பான் வருகிறது' என்று மட்டும் சொல்லாமல், 'குழாய் ஒழுகுகிறது, அந்த ஈரத்துக்குக் கரப்பான் வருகிறது' என்று சேர்த்து எழுதுங்கள்.

மூட்டைப்பூச்சியும் வெட்கமும்

மூட்டைப்பூச்சியை அதிகம் வளர்ப்பது வெட்கம்தான். ஓனருக்குத் தெரிந்தால் காலி செய்யச் சொல்வாரோ, அக்கம்பக்கம் என்ன நினைக்குமோ என்று மறைக்கிறார்கள். மறைக்கும் இரண்டு மாதத்தில் அது கட்டிலிலிருந்து சுவருக்கும், சுவரிலிருந்து அடுத்த வீட்டுக்கும் போய்விடுகிறது. வீட்டுச் சுத்தத்துக்கும் இதற்கும் தொடர்பு குறைவு. அதற்கு வேண்டியது ரத்தம் மட்டுமே. பயணப் பெட்டியிலும் பழைய சோஃபாவிலும் ஏறி எந்த வீட்டுக்கும் வரும். யாரோ தெருவில் போட்டுவிட்டுப் போன மெத்தையையோ சோஃபாவையோ, எவ்வளவு நன்றாக இருந்தாலும், வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள்.

கடித்த தடிப்பை வைத்து மட்டும் முடிவு கட்டுவதும் தவறு. கொசுக்கடியும் ஒவ்வாமையும் அப்படியே தெரியும். மெத்தையின் ஓரத் தையலை விரலால் விரித்துப் பாருங்கள். மைப்பேனா முனை பட்டதுபோல் கரும்புள்ளிகள், கழற்றிப் போட்ட மெல்லிய தோல்கள், ஒரு மில்லிமீட்டர் நீள வெள்ளை முட்டைகள் ஆகியவைதான் சாட்சி. கட்டில் சட்டத்தின் திருகு ஓட்டைகளையும் விடாதீர்கள்.

கடிக்கிறதே என்று அடுத்த அறைக்குப் போய்ப் படுப்பது இயல்பான யோசனைதான், ஆனால் மோசமானது. பூச்சி உங்களைத் தேடி அங்கேயும் வரும். ஓர் அறைத் தொல்லை இரண்டு அறைத் தொல்லை ஆகிவிடும். மெத்தையை மூடாமல் படிக்கட்டு வழியாக இழுத்துக்கொண்டு போய் வெளியே போட்டால், போகிற வழியெல்லாம் உதிர்த்துவிட்டுப் போகிறீர்கள். வெயிலில் போட்டால் சரியாகிவிடும் என்பதையும் நம்ப முடியாது. மேல்புறம் சுட்டதும் அவை நிழல் பக்கத்துக்கு நகர்ந்துகொள்ளும். மண்ணெண்ணெய், பெட்ரோல், ஸ்பிரிட் ஊற்றுபவர்களும் உண்டு. பூச்சி போகிறதோ இல்லையோ, வீடு பற்றிக்கொள்ளும்.

பலிப்பது சூடு. 50 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் முட்டை உட்பட எல்லாம் சாகும். துணிகளையும் விரிப்புகளையும் டிரையரில் அதிகச் சூட்டில் அரை மணி நேரம் ஓட்டி எடுத்து, உடனே பையில் கட்டி வையுங்கள். மெத்தைக்கு ஜிப் வைத்த முழு உறை போட்டால் ஒரு வருடம் கழற்றக் கூடாது. ரத்தமே கிடைக்காமல் பல மாதம் உயிரோடு இருக்கக்கூடிய பூச்சி அது. பல இடங்களில் வழக்கமான மருந்துகளுக்கு இவை பழகிப்போய்விட்டன. அறை முழுக்கப் புகை பரப்பும் குண்டுகள் விரிசலுக்குள் போவதில்லை. அதோடு அவற்றின் வாயு தீப்பிடிக்கக்கூடியது. ஆகவே இது ஆள் வைத்துச் செய்ய வேண்டிய வேலை. வருபவரிடம் இரண்டாவது தடவையையும் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். தப்பிய முட்டைகள் ஒன்றரை வாரத்துக்குள் பொரிந்துவிடும், அவற்றுக்காக இரண்டு வாரம் கழித்து மறுபடி வந்தாக வேண்டும். இடம், வலம், மேல், கீழ் வீடுகளையும் பார்க்காத சிகிச்சை அரைச் சிகிச்சை.

எலிக்கு விஷம் வைப்பது

விஷம் தின்ற எலி வெளியே போய்ச் சாகும் என்பது வெறும் நம்பிக்கை. பெரும்பாலான எலிமருந்துகள் வேலை செய்யச் சில நாள் ஆகும். அதற்குள் அது பொய்க்கூரைக்குள்ளோ சுவர் இடுக்கிலோ போய்ப் படுத்துவிடும். வாரக்கணக்கில் நாற்றம் அடிக்கும், சுவரை உடைக்க உங்களுக்கு உரிமையும் இல்லை. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப்பசையைக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் நினைத்தே பார்க்கக் கூடாது. கல்லீரலையே அழிக்கும் விஷம், அதற்கு மாற்று மருந்து கிடையாது. தானியக் கிடங்குக்கான பாஸ்பைடு மாத்திரைகள் இன்னும் மோசம். ஈரம் பட்டதும் வெளியாகும் வாயு, தூங்குகிறவர்களைக் கொன்றிருக்கிறது.

பொறிதான் மேல். நடு அறையில் வைக்காமல் சுவரை ஒட்டி வையுங்கள், எலி சுவரை உரசிக்கொண்டுதான் நடக்கும். பெரிய எலிக்குப் புதுப் பொருளைக் கண்டால் சந்தேகம். சில நாள் பொறியை விசை ஏற்றாமல் இரையோடு வைத்துப் பழக்கிவிட்டு அப்புறம் ஏற்றுங்கள். சுண்டெலி அப்படியில்லை, முதல் நாளே வந்து மோந்து பார்க்கும். அதற்கு 6 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் நுழையப் போதும். ஓட்டையை வெறும் நுரையால் அடைத்தால் கடித்துவிடும், ஸ்டீல் கம்பிப் பஞ்சைத் திணித்து மேலே பூச வேண்டும். எலிப்புழுக்கையைக் காய்ந்தபடி பெருக்காதீர்கள், தூசியோடு கிருமி மூக்குக்குள் போகும். பிளீச்சிங் கரைசலால் நனைத்து, கையுறையோடு துடைத்தெடுங்கள்.

எறும்புக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வரிசையில் ஸ்பிரே அடித்தால் வேலைக்கார எறும்புகள் சாகும், ராணி கூட்டில் பத்திரமாக இருக்கும். சில சிற்றெறும்பு இனங்கள் தொந்தரவு செய்தால் கூட்டையே பல துண்டாகப் பிரித்துக்கொண்டு பரவும். மெதுவாகக் கொல்லும் இரையை வைத்துவிட்டு, அது தீரும்வரை அந்த வரிசையைக் கலைக்காமல் பொறுத்திருங்கள். கரையான் என்றால் மண்கோட்டை உதிர்த்துவிட்டுப் பெயிண்ட் பூசாதீர்கள். கூடு பெரும்பாலும் மண்ணுக்கடியில் இருக்கிறது, தரையில் துளைபோட்டு மருந்து செலுத்துவது ஓனர் செய்ய வேண்டிய வேலை. அந்த மண்கோடுதான் உங்களிடம் இருக்கும் ஆதாரமும்.

காசுக்குக் கேடான சாமான்கள்

ஒலியலையால் பூச்சியை விரட்டும் என்று பிளக்கில் சொருகும் கருவிகளை வாங்காதீர்கள். அறிவியல் ஆதாரம் இல்லாமல் விளம்பரம் செய்வதாக அமெரிக்காவின் எஃப்.டி.சி. என்ற கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2001-லேயே 60-க்கும் மேற்பட்ட நிறுவனங்களை எச்சரித்தது. ஆனாலும் விற்பனை நிற்கவில்லை. நாப்தலின் பாச்சை உருண்டை, இறுக மூடிய பெட்டிக்குள் துணிப்பூச்சிக்கு வேலை செய்யும். திறந்த குளியலறையில் நெடி மட்டும்தான் மிச்சம். கைக்குழந்தையின் துணிகளோடு அதை வைக்கவே கூடாது. ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ள குழந்தைக்கு ரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்துவிடும். கோடு போடும் பூச்சிக்கொல்லிச் சாக்பீஸைப் பிள்ளைகள் எழுதும் சாக்பீஸ் என்று எடுத்துவிடுவார்கள். வயலுக்கான மருந்தைக் கலக்கி, மிச்சத்தைக் குடிதண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைப்பதைப் பற்றி விளக்கமே தேவையில்லை.

ஓனரிடம் சொல்லும் விதம்

போனில் சொன்னதற்குச் சாட்சி இல்லை. போனில் பேசினாலும், பேசியதை அன்றே எழுத்தில் அனுப்புங்கள்: எந்தப் பூச்சி, எந்த இடம், எப்போதிலிருந்து, என்ன செய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள். கூடவே இரண்டு படம். கோபமான பத்து வரியைவிடத் தேதி போட்ட மூன்று வரிக்குப் பலன் அதிகம். செலவு யாருடையது என்பது ஊருக்கு ஊர் சட்டமும் ஒப்பந்தமும் தீர்மானிப்பது. கையெழுத்துப் போடும் முன்பே அந்த வரியைத் தேடிப் படியுங்கள், இல்லையென்றால் சேர்க்கச் சொல்லுங்கள். சட்டத்தில் இடம் இருக்கிறதா என்று பார்க்காமல் வாடகையை நிறுத்துவது அபாயம். பூச்சிப் பிரச்சினை அப்படியே மறைந்து, நீங்கள் வாடகை பாக்கிக்காரர் என்பது மட்டும் முன்னால் நிற்கும். அனுமதி வாங்காமல் சுவரைத் துளைப்பதும் முன்பணத்தில் கைவைக்க வழி கொடுக்கும்.

மருந்தடிக்க ஆள் வந்தால் மருந்தின் பெயர், எவ்வளவு நேரம் வெளியே இருக்க வேண்டும், எப்போது துடைக்கலாம் என்பதைக் கேட்டு, ரசீதோடு வாங்கி வையுங்கள். மீன்தொட்டியின் காற்றுப் பம்ப்பை நிறுத்தி மூடுங்கள், பறவைக் கூண்டை வெளியே எடுங்கள். வீட்டில் கர்ப்பிணியோ ஆஸ்துமாக்காரரோ இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். அலமாரியைக் காலி செய்யாமல் வைத்துவிட்டு, 'மேலோட்டமாக அடித்துவிட்டுப் போய்விட்டார்கள்' என்று பிறகு குறைப்பட்டுப் பயனில்லை.

வீடு மாறும்போது பழைய பூச்சியைப் புது வீட்டுக்குத் தூக்கிப் போவதும் சகஜம். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு ஃபிரிட்ஜுக்கு அடியிலும் பின்னாலும் பசை அட்டை வைத்துப் பாருங்கள். ஏதாவது ஒட்டினால் ஜெல்லைப் பழைய வீட்டிலேயே வைத்துச் சரிசெய்துவிட்டுக் கிளம்புங்கள். மளிகைக் கடையில் கேட்டு வாங்கிய அட்டைப் பெட்டிகளில் சாமான் கட்டாதீர்கள். வேறு வழியில்லாமல் கட்டினால், புது வீட்டில் பிரித்த அன்றே பெட்டிகளை வெளியே போட்டுவிடுங்கள்.