ஒரே ரிடிமில் பல பாடல்கள்: கேட்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜமைக்கா இசையில் பாஸ் கிட்டாரும் டிரம்ஸும் சேர்ந்து அமைக்கும் அடித்தளத்தை ரிடிம் என்பார்கள். ஒரு பாடலுக்காக உருவான ரிடிமின் மேல் வேறு பாடகர்கள் தங்கள் சொந்த மெட்டையும் வரிகளையும் ஏற்றிப் பாடுவது அங்கே நெடுநாள் வழக்கம். இதைப் புதிதாக அறிபவர்கள் திருட்டு என்றோ கற்பனை வறட்சி என்றோ உடனே தீர்ப்பளித்துவிடுகிறார்கள். அப்படி நினைப்பவர்கள், லெங்கி மார்ஸ்டன் உருவாக்கிய, தீபாவளிப் பண்டிகையின் பெயரைத் தாங்கிய 'திவாலி' ரிடிமில் அமைந்த இரண்டு பாடல்களை அடுத்தடுத்துக் கேட்க வேண்டும். சான் பாலின் 'கெட் பிஸி' ரிடிமின் கைத்தட்டல்களோடு ஆடச் சொல்லி விரட்டுகிறது. வேய்ன் வொண்டரின் 'நோ லெட்டிங் கோ' அதே கைத்தட்டல்களுக்கு நடுவே நிதானமாகக் காதலைச் சொல்கிறது. என் காதுக்கு இரண்டாவதே அருமை.

இதைவிடப் பரவலான குழப்பம், ரிடிம் பாடலைக் கவர் பாடல் என்று எண்ணுவது. கவர் பாடலில் மெட்டும் வரிகளும் பழையவை. ரிடிம் பாடலில் அவை இரண்டுமே புதியவை. ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் இருந்த 'ஸ்டூடியோ ஒன்' என்ற ஒலிப்பதிவுக் கூடத்தில் சவுண்ட் டைமென்ஷன் குழு வாசித்த 'ஃபுல் அப்' ரிடிமின் மேல், 1980களின் தொடக்கத்தில் மைட்டி டயமண்ட்ஸ் குழுவினர் 'பாஸ் த கூச்சி' என்ற புதுப் பாடலைப் பாடினார்கள். பிரிட்டனின் மியூசிக்கல் யூத் குழுச் சிறுவர்கள் அந்தப் பாடலையே எடுத்து, கஞ்சாக் குழாயைக் குறித்த சொல்லைச் சமையல் பாத்திரமாக மாற்றி, 1982இல் 'பாஸ் த டச்சி' என்று வெளியிட்டு அந்நாட்டுப் பட்டியலில் முதலிடம் பிடித்தார்கள். முன்னது ரிடிம் பாடல், பின்னது கவர்.

ஒரே ரிடிம் என்றால் ஒரே ஒலிப்பதிவு என்று கொள்வதும் தவறு. சவுண்ட் டைமென்ஷன் குழு 1967இல் பதிவுசெய்த 'ரியல் ராக்' ரிடிமை எடுத்துக்கொண்ட வில்லி வில்லியம்ஸ், ஏறத்தாழ பத்தாண்டுகள் கழித்து, அந்தப் பழைய பதிவின் மேலேயே 'ஆர்மகிடியன் டைம்' பாடினார். 'பாஸ் த கூச்சி'க்கோ தயாரிப்பாளர் கஸ்ஸி கிளார்க் ரிடிமைப் புதிதாக வாசிக்கச் செய்தார். வித்தியாசத்தை அறியப் பாடகரின் குரலை விட்டுவிட்டு, பாஸின் நாதத்தையும் டிரம்ஸின் எதிரொலியையும் மட்டும் பின்தொடர வேண்டும்.

மிகவும் வருத்தம் தரும் தவறு, புகழ்பெற்ற பாடகரையே ரிடிமின் படைப்பாளியாகக் குறிப்பிடுவது. 1985இல் கிங் ஜாமி தயாரிப்பில் வெய்ன் ஸ்மித் பாடிய 'ஸ்லெங் டெங்' ரிடிமுக்கு அடிப்படை, கேசியோ எம்டி-40 கீபோர்டில் இருந்த ஒரு தாளம். அதை அமைத்தவர் ஜப்பானியப் பெண் ஒகுதா ஹிரோகோ. ஸ்டூடியோ ஒன்னின் பல ரிடிம்களுக்குப் பின்னால் கீபோர்டு கலைஞர் ஜாக்கி மிட்டூவின் விரல்கள் இருந்தன. ரிடிமைப் பற்றி எழுதுபவர்கள் பாடகரின் பெயரோடு வாசித்த குழுவையும் தயாரிப்பாளரையும் பதிவான ஸ்டூடியோவையும் சேர்த்தே எழுத வேண்டும்.